கம்பெனி சர்வீஸா, நம்ம மெக்கானிக்கா? வேலூர் பக்கம் கார் வச்சிருக்கவங்க கேக்குற கேள்விகள்

நான் காட்பாடி. பதினஞ்சு வருஷமா கார் ஓட்டிக்கினு இருக்கேன், ரெண்டு பக்கமும் காசு விட்டவன். மெக்கானிக் இல்ல, எந்த ஷோரூம்லயும் வேலை செய்யல. ஆனா தெருவுல யாராவது புதுசா வண்டி எடுத்தா, ஆபீஸ்ல யார் வண்டியாவது நின்னுட்டா, நேரா எனக்குதான் போன் வரும், கேக்குறதும் சுத்தி சுத்தி இதே கேள்விங்கதான், ஒவ்வொருத்தருக்கும் அரை மணி நேரம் பேசறதுக்கு பதிலா எழுதியே வச்சிடலாம்னு உக்காந்தேன்.

கேள்வி: சுத்தி வளைக்காம சொல்லுங்க, வண்டிய எங்க விடறது?

வாரன்டி இருக்கிற வரைக்கும் கம்பெனி சர்வீஸ். முடிஞ்ச அப்பால, இன்னா வேலைன்னு பாத்து விடணும், வாசல்ல இருக்குற போர்ட பாத்து இல்ல. இதுல நிறைய பேரு கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. சர்வீஸ் சென்டர்ல உங்ககிட்ட பேசுறவரு அட்வைசர், ஜாப் கார்டு, அதாவது இன்னா வேலை செய்யணும்ன்ற சீட்டு, அத எழுதுவாரு, ஸ்பேனர் பிடிக்க மாட்டாரு. வண்டிய தொடறது உள்ள இருக்குற டெக்னீஷியன், அவரு பத்து வருஷ அனுபவஸ்தரா இருக்கலாம், போன மாசம் ஐடிஐ முடிச்சு வந்த பையனாவும் இருக்கலாம், உங்களுக்கு தெரியாது. "லெஃப்ட் சைடுல டக் டக்னு சத்தம்"னு நீங்க சொன்னது அட்வைசர் காதுக்கு போயி, அவர் கம்ப்யூட்டர்ல "நாய்ஸ் செக்"னு ரெண்டு வார்த்தையா மாறி, உள்ள போறப்ப சத்தம் எங்க, எப்போன்றதே காணாம போயிடும். வெளி பட்டறைல கேக்குறவரும் கழட்டுறவரும் ஒரே ஆள். அது பெரிய வித்தியாசம். அதனால கம்பெனில விட்டாலும் சத்தம், இழுப்பு, நடுக்கம் மாதிரி கம்ப்ளெய்ன்ட்டா இருந்தா, டெக்னீஷியன கூப்ட்டு பக்கத்துல உக்கார வச்சு ஒரு ரவுண்டு ஓட்டி காமிச்சிட்டு வாங்க. கேட்டா அனுப்புவாங்க, நாமதான் கேக்குறது இல்ல.

கேள்வி: வாரன்டி இருக்கும்போது வெளிய ஆயில் மாத்தினா கூட வாரன்டி போயிடும்னு ஷோரூம்ல மிரட்டுறாங்களே?

பாதி உண்மை, பாதி பயமுறுத்தல். கம்பெனிங்க வியாபார போட்டிய நசுக்காம பாத்துக்குற அரசு அமைப்பு இந்திய போட்டி ஆணையம், அது 2014 ஆகஸ்ட்ல ஒரு உத்தரவு போட்டுது. மாருதி, மஹிந்திரா, டாடா, ஹோண்டான்னு 14 கார் கம்பெனிங்க, ஸ்பேர் பார்ட்ஸையும் ரிப்பேர் பண்ற விவரத்தையும் வெளி மெக்கானிக்குங்களுக்கு கிடைக்க விடாம அடைச்சு வச்சிருக்காங்கன்னு சொல்லி எல்லாருக்கும் சேத்து 2,500 கோடிக்கு மேல அபராதம். அப்போவே, வெளிய ரிப்பேர் பண்ணாங்கன்ற ஒரே காரணத்துக்கு மொத்த வாரன்டியும் கேன்சல்னு கண்டிஷன் போடக்கூடாது, வெளிய பண்ண தப்பான வேலையால என்ன கெட்டுச்சோ அதுக்கு மட்டும்தான் மாட்டேன்னு சொல்லலாம்னும் சொன்னாங்க. கம்பெனிங்க அப்பீல் போனாங்க, கதை நீண்டுக்கினு போச்சு.

ஆனா நடைமுறை இன்னான்னா, நாளைக்கு கியர்பாக்ஸ் போச்சுன்னா நீங்க கவுன்டர்ல நின்னு 2014 உத்தரவ படிச்சு காமிச்சிக்கினு இருக்க முடியாது. மேனுவல்ல, இத்தன கிலோமீட்டருக்கு ஒருவாட்டி சர்வீஸ் பண்ணி இருக்கணும்னு கண்டிஷன் இருக்கும், அதுக்கு ரெக்கார்டு கேப்பாங்க. அதனால வாரன்டி காலத்துல பீரியாடிக் சர்வீஸ் மட்டும் கம்பெனிலயே முடிச்சிடுங்க. பஞ்சர், டயர், வைப்பர், பேட்டரி, வீல் அலைன்மென்ட்டுக்கெல்லாம் எங்க வேணாலும் போங்க, அதனால இன்ஜின் வாரன்டி ஒண்ணும் ஆகாது. வாரன்டி எத்தன வருஷம்னு உங்க புக்க பாருங்க, பக்கத்து வீட்டுக்காரர் வண்டிய வச்சு கணக்கு போடாதீங்க. மாருதில ரொம்ப நாளா 2 வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர்னு இருந்தது, 2024 ஜூலை 9ல இருந்து டெலிவரி எடுத்த வண்டிங்களுக்குத்தான் 3 வருஷம் அல்லது 1 லட்சம். எது முதல்ல வருதோ அது.

கேள்வி: ஃப்ரீ சர்வீஸ்னு கூப்ட்டாங்க, பில்லு நாலாயிரம் வந்துச்சு. ஏமாத்திட்டாங்களா?

இல்ல. ஃப்ரீன்றது லேபர் மட்டும்தான். ஆயில், ஃபில்டர், கூலண்ட் எல்லாம் காசுதான். ஆனா அந்த நாலாயிரத்துல ஆயில் எவ்ளோ, மத்தது எவ்ளோன்னு பாத்தீங்களா? அடுத்த கேள்விக்கு வாங்க.

கேள்வி: எஸ்டிமேட்ல என்னென்னமோ எழுதுறாங்க. எதெல்லாம் வேணாம்னு அடிச்சு விடலாம்?

இதுலதான் நிறைய காசு போவுது. என் மச்சான் வண்டி, மூணாவது வருஷ சர்வீஸ், எஸ்டிமேட் 14,600. நான் கூட போயிருந்தேன், உக்காந்து ஒவ்வொரு லைனா கேட்டோம். இன்ஜின் ஃப்ளஷ், ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், இன்டீரியர் என்ரிச்மென்ட்டாம், சைலன்ஸர் கோட்டிங், விண்ட்ஷீல்ட் வாஷர்ல ஊத்துற பாட்டில் ஒண்ணு, ஃப்யூயல் சிஸ்டம் கிளீனர். "இது மேனுவல்ல இருக்கா சார்?"னு ஒரே கேள்விதான் கேட்டேன். ஒவ்வொண்ணா அவரே அடிச்சிக்கினு வந்தாரு, 7,900ல வந்து நின்னுது. அந்த பையன் மேல கோவமும் வரல, அவருக்கு மாச டார்கெட் இருக்கு, பாவம், இத்தன பாட்டில் வித்தாதான் இன்சென்டிவ்.

வண்டியோட குடுத்த மேனுவல்ல பின்னாடி ஒரு டேபிள் இருக்கும், எத்தன கிலோமீட்டர்ல எத மாத்தணும், எத சும்மா பாத்தா போதும்னு. அந்த பக்கத்த போன்ல போட்டோ எடுத்து வச்சிக்கங்க. ஆயில், ஆயில் ஃபில்டர் தள்ளிப்போடாதீங்க. பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி மாத்தறது நல்லது, நம்ம ஊருல இத யாருமே கேக்குறது இல்ல, மெக்கானிக்கும் சொல்றது இல்ல, ஏலகிரி பதினாலு ஹேர்பின் இறங்கும்போதுதான் அதோட அருமை தெரியும். ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர் நம்ம தூசிக்கு சீக்கிரமே அடைச்சிக்கும், தெருத்தெருவா பாதாள சாக்கடைக்கு தோண்டுன ஊரு இது. ஏசி ஃபில்டர நீங்களே மாத்தலாம், நிறைய வண்டில டேஷ்போர்டு பெட்டிய கழட்டினா பின்னாடியே இருக்கும், பத்து நிமிஷம்.

இன்னொண்ணு. மாத்தினதா பில்லு போட்ட பழைய பார்ட்ட கேட்டு வாங்குங்க. ஒருவாட்டி சந்தேகத்துல ஏர் ஃபில்டர் ஓரத்துல மார்க்கர்ல ஒரு சின்ன புள்ளி வச்சிட்டு விட்டேன். பில்லுல ஏர் ஃபில்டர் இருந்துது. வீட்டுக்கு வந்து திறந்தா என் புள்ளியும் அப்படியே இருந்துது. திரும்பி போயி காமிச்சேன், மாத்தி குடுத்தாங்க, டீ கூட குடுத்தாங்க.

கேள்வி: வெளி மெக்கானிக் கிட்ட எந்த வேலைய தைரியமா குடுக்கலாம்?

சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்த தாங்கி குலுங்காம பாத்துக்குற பாகங்க, முழுக்க. லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், ஸ்டெபிலைசர் லிங்க், டை ராடு, புஷ்ஷு இதெல்லாம் கண்ணால பாத்து, கையால ஆட்டி கண்டுபிடிக்கிற வேலை, அனுபவஸ்தர் கைதான் ஸ்கேனர். கம்பெனில ஒரு புஷ்ஷுக்கு பதிலா லோயர் ஆர்ம் செட்டாவே மாத்த சொல்லுவாங்க, அது தப்புன்னு இல்ல, அவங்க சிஸ்டம் அப்படி, வெளிய புஷ்ஷ மட்டும் பிரஸ் பண்ணி போட்டு குடுப்பாரு. பிரேக் பேடு, ஷூ, வீல் பேரிங், கிளட்ச் செட், ரேடியேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், டிங்கரிங், பெயின்டிங் எல்லாமே வெளிய நல்லா நடக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் கம்பெனில புதுசுதான், நம்ம ஆட்டோ எலக்ட்ரீஷியன் கார்பன் பிரஷ் மாத்தி சில நூறு ரூபாய்ல ஓட வச்சிடுவாரு. கிளட்ச் மாத்தும்போது மட்டும் பிளேட்டோட நிறுத்தாதீங்க, பிரஷர் பிளேட்டு, ரிலீஸ் பேரிங்கு சேத்தே மாத்திடுங்க, கியர்பாக்ஸ இறக்குற கூலி ஒண்ணுதான், ஆறு மாசம் கழிச்சு பேரிங் சத்தம் போட்டா மறுபடியும் இறக்கணும்.

பத்து வருஷம் தாண்டின வண்டின்னா நான் யோசிக்கவே மாட்டேன், வெளியதான்.

கேள்வி: எந்த வேலைக்கு வெளிய போகவே கூடாது?

ஏர்பேக். அதுல கைய வைக்க வேணாம், ஸ்டியரிங் கழட்டுற வேலை வந்தாலே ஏர்பேக் தெரிஞ்ச ஆளான்னு கேளுங்க. ஏபிஎஸ் யூனிட் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாம பாத்துக்குறது), ஈசிஎம் (இன்ஜினோட கம்ப்யூட்டர்) புரோகிராமிங், சாவி கோடிங், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், இதெல்லாம் கம்பெனி சாஃப்ட்வேர் இருக்கிற இடத்துலதான் ஒழுங்கா நடக்கும். வெளிய ஸ்கேனர் வச்சிருக்காங்கதான், எரர் கோட படிக்கிறதும் அழிக்கிறதும் அதுல வரும், ஆனா கோட அழிச்சா கோளாறு போச்சுன்னு அர்த்தம் இல்ல. "லைட் அணைஞ்சிடுச்சு பாரு"ன்னு சொன்னா, ஏன் எரிஞ்சுதுன்னு கேளுங்க.

ரீகால், அதாவது தயாரிப்புல கோளாறு இருக்குன்னு கம்பெனியே வண்டிய திரும்ப கூப்புடறது. இது ஃப்ரீ, வாரன்டி முடிஞ்சிருந்தாலும் ஃப்ரீ. 2023 ஜனவரில மாருதி ஏர்பேக் கன்ட்ரோலர் மாத்தறதுக்கு 17,362 வண்டிய திரும்ப கூப்ட்டாங்க, இந்த மாதிரி எல்லா கம்பெனியும் அப்பப்போ கூப்புடுவாங்க. செகண்ட் ஹேண்டுல வாங்குனவங்களுக்கு இந்த போன் வராது, பழைய ஓனர் நம்பருக்கு போயிருக்கும். கம்பெனி வெப்சைட்ல சேசிஸ் நம்பர போட்டு பாருங்க, ரெண்டு நிமிஷம்.

கேள்வி: நம்ம ஊரு வெயிலுக்கு தனியா எதாவது பாக்கணுமா?

பாக்கணும். நம்ம ஊர வெயிலூர்னு கிண்டல் பண்றாங்க, அந்த வெயில் இன்ஜினுக்கும் சேத்துதான். இத நான் சொந்த காசுல படிச்சேன். ரேடியேட்டர் ஓஸ்ல லீக், பக்கத்துல இருந்த ஒரு பட்டறைல காமிச்சேன், அரை மணி நேரத்துல ஓஸ் மாத்தி, போர் தண்ணிய பக்கெட்ல மொண்டு ஊத்தி "ஓட்டு பா, ஒண்ணும் ஆவாது"ன்னு அனுப்பிட்டாரு. நானூறு ரூபா. சந்தோஷமா வந்தேன். நம்ம போர் தண்ணி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், வீட்டு குழாய்ல வெள்ளையா உப்பு பூக்குதே, அதேதான் ரேடியேட்டர் உள்ளயும் பூத்துக்கினு இருந்துது. ரெண்டு வெயில் காலம் தாங்குச்சு. மே மாசம், குடும்பத்தோட பெங்களூர் போறோம், பள்ளிகொண்டா டோல் தாண்டி ஆம்பூர் வர்றதுக்குள்ள டெம்பரேச்சர் முள்ளு ஏறிடுச்சு, ஓரம் கட்டுறதுக்குள்ள பானெட்ல இருந்து ஆவி. இன்ஜின் பிளாக்குக்கும் மேல இருக்குற ஹெட்டுக்கும் நடுவுல அடைப்பா இருக்குற ஹெட் கேஸ்கெட் போச்சு, ஹெட்ட லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் பண்ணி, ரேடியேட்டர் புதுசு போட்டு, 28,000. நானூறு ரூபா வேலையோட பில்லு ரெண்டு வருஷம் கழிச்சு வந்துது.

கூலண்ட் வெறும் கலர் தண்ணி இல்ல. கொதிக்கிற சூட்ட ஏத்தும், உள்ள துரு பிடிக்காம பாத்துக்கும். அவசரத்துக்கு ரோட்ல தண்ணி ஊத்துறது வேற, ஊருக்கு வந்ததும் அத இறக்கிட்டு கூலண்ட் ஊத்தணும், கான்சன்ட்ரேட்னா பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் கலந்து. சூடா இருக்கும்போது மூடிய திறக்காதீங்க, மூஞ்சி வெந்துடும். பேட்டரியும் நம்ம சூட்டுல சீக்கிரம் போவும், சென்னைல கேட்ட கணக்க இங்க எதிர்பாக்காதீங்க.

கேள்வி: ஏசி கூல் ஆகல. கம்பெனில கம்ப்ரஸர் போச்சுன்னு சொல்றாங்க, நம்பலாமா?

மாத்தறதுக்கு முன்னாடி இன்னொருத்தர் கிட்ட காமிங்க, ஏசிக்குன்னே தனியா இருக்குற மெக்கானிக் கிட்ட. எனக்கு நடந்தது: கிரீன் சர்க்கிள் சிக்னல்ல நின்னா ஏசில சூடு காத்து, ஹைவேல போனா ஜில்லுனு வரும். ஒரு சர்வீஸ் சென்டர்ல கம்ப்ரஸர், கண்டென்சர் (ஏசி கேஸ ஆத்துறதுக்கு முன்னாடி இருக்குற ரேடியேட்டர் மாதிரி ஒண்ணு) ரெண்டும் மாத்தணும்னு 34,000 எஸ்டிமேட் குடுத்தாங்க. ஏசி மெக்கானிக் பாய் கிட்ட போனேன், அவர் பானெட்ட கூட முழுசா தூக்கல, "ஓடும்போது வருதா, நிக்கும்போது வரலையா?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். "அப்ப கம்ப்ரஸர் நல்லாகீது பா, முன்னாடி ஃபேன் சுத்தல." ஓடும்போது எதிர் காத்து கண்டென்சர ஆத்துது, நிக்கும்போது அந்த வேலைய ஃபேன்தான் செய்யணும். மோட்டார் மாத்துனாரு, மூவாயிரத்து சொச்சம்.

வருஷா வருஷம் "கேஸ் டாப் அப்" பண்றவங்களுக்கு ஒண்ணு. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாவறது இல்ல, குறையுதுன்னா எங்கயோ லீக். லீக்க அடைக்காம கேஸ் ஏத்தறவரு கிட்ட அடுத்த வருஷமும் போவீங்க.

கேள்வி: ஒரிஜினல் பார்ட்ஸ் கம்பெனில மட்டும்தானே கிடைக்கும்?

கம்பெனி டப்பால வர்றது எல்லாத்தையும் கார் கம்பெனியே செய்யறது இல்ல. பிரேக் ஒருத்தர், ஸ்டார்ட்டர் மோட்டார் ஒருத்தர், இன்ஜெக்டர் ஒருத்தர், ஸ்டியரிங் ஒருத்தர்னு வெளிய வாங்கி மாட்டுறாங்க. பிரேக்ஸ் இந்தியா ஆலை நம்ம சோளிங்கர்லயே இருக்கு, எம்ஆர்எஃப் டயர் ஆலை அரக்கோணத்துல இருக்கு, லூகாஸ் டிவிஎஸ் சென்னை பாடில. பாஷ், வேலியோ, ரானே, டென்சோ எல்லாம் இதே கதைதான். அவங்க சொந்த டப்பால கடைலயும் விக்கிறாங்க, கார் கம்பெனி பேரு அச்சடிச்ச டப்பாவ விட விலை பெரும்பாலும் கம்மியா இருக்கும். நான் பிரேக்கு, கிளட்ச்சு, பேரிங்குக்கு இந்த மாதிரி பேர் தெரிஞ்ச டப்பாதான் வாங்குறேன். சென்சாரு, ஃப்யூயல் பம்ப்பு, பாடி பார்ட்ஸுக்கு கம்பெனி டப்பா.

பயப்பட வேண்டியது மூணாவது ரகம். டப்பா அச்சு அசல் அதே மாதிரி இருக்கும், உள்ள இருக்குறது டூப்ளிகேட். பாதி விலைக்கு பிரேக் பேடு வந்தா சந்தோஷப்படாதீங்க. பார்ட் நம்பர், எம்ஆர்பி, ஹோலோகிராம் பாருங்க, பில்லு போடற கடைல வாங்குங்க. சில கம்பெனிங்க வெப்சைட்லயே பார்ட்ஸ் விலை போட்டிருக்காங்க, மெக்கானிக் சொல்ற விலை சரியான்னு அங்கயே பாத்துக்கலாம்.

மெக்கானிக் பார்ட்ஸ்ல கொஞ்சம் மார்ஜின் வைப்பாரு, அத பெருசா பேசாதீங்க. நீங்களே பார்ட்ஸ் வாங்கி குடுத்தா, அது கெட்டா அவரு பொறுப்பு இல்ல, ரெண்டாவது கூலியும் உங்க தலையிலதான்.

கேள்வி: சென்னைல பழைய வண்டி பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டைல இருந்து பழைய பார்ட் எடுத்துட்டு வந்து போடலாமான்னு கேக்குறாரு?

கண்ணாடி, கதவு, ஹெட்லைட், சீட்டு, டேஷ்போர்டு பிளாஸ்டிக், வீல் டிஸ்க்கு தாராளமா. பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் வேணவே வேணாம். இன்ஜின்னா அது எந்த வண்டில இருந்து வந்துதுன்னு பேப்பர் இல்லாம தொடாதீங்க, ஆர்சில இருக்குற இன்ஜின் நம்பர் ஒத்துப்போகாம பின்னாடி விக்கும்போதும், ஆர்டிஓ ஆபீஸ்லயும் மாட்டிக்குவீங்க.

கேள்வி: "பில் வேணாம்னா 18 பர்சென்ட் மிச்சம்"னு சொல்றாரு. வாங்கலாமா வேணாமா?

2025 செப்டம்பர் 22க்கு அப்புறம் கார் பார்ட்ஸுக்கும் 18 சதவீதம், அதுக்கு முன்ன நிறைய பார்ட்ஸுக்கு 28 இருந்தது, அதனால முன்ன மாதிரி பெரிய மிச்சம் இல்ல. சின்ன பட்டறைங்க நிறைய ஜிஎஸ்டிலயே இருக்காது, அவங்க கிட்ட வெள்ள பேப்பர்ல தேதி, கிலோமீட்டர், போட்ட பார்ட்டு எழுதி கையெழுத்து வாங்குங்க போதும். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வச்சிருக்கேன், டேஷ்போர்டு பெட்டிலயே இருக்கும், ஒவ்வொரு வேலையும் அதுல எழுதி பார்ட்ஸ் பில்ல பின் அடிச்சிடுவேன். போன வண்டிய விக்கும்போது வாங்க வந்தவரு நோட்ட புரட்டி பாத்துட்டு பேரம் பேசறதையே குறைச்சிட்டாரு.

கேள்வி: இடிச்சிட்டேன். இன்ஷூரன்ஸ் இருக்கு. கம்பெனிலதான் விடணுமா?

கட்டாயம் இல்ல. கேஷ்லெஸ் வேணும்னா இன்ஷூரன்ஸ் கம்பெனி லிஸ்ட்ல இருக்குற கேரேஜ்ல விடணும், வெளிய விட்டா நீங்க முதல்ல கட்டிட்டு அப்புறம் வாங்கிக்கலாம். ரெண்டுலயும் வண்டிய பிரிக்கறதுக்கு முன்னாடி அவங்களுக்கு சொல்லி, சர்வேயர் வந்து பாத்து இருக்கணும், அவசரப்பட்டு பம்பர கழட்டிட்டு போன் பண்ணாதீங்க. ஜீரோ டெப் (வண்டி வயசுக்கு கழிக்காம குடுக்கற பாலிசி) இல்லன்னா ரப்பர், பிளாஸ்டிக் பார்ட்ஸுக்கு பாதிதான் குடுப்பாங்க, இரும்பு பார்ட்ஸுக்கு வண்டி வயச பாத்து கழிப்பாங்க, 5 வருஷம் தாண்டி 10 வருஷத்துக்குள்ள இருக்குற வண்டிக்கு 40 சதவீதம். பெரிய இடின்னா நான் கம்பெனிதான் சொல்லுவேன், ஷோரூம்ல இன்ஷூரன்ஸ் பேப்பர் வேலைக்குன்னே ஆள் இருக்காங்க, நாம அலைய வேணாம்.

சின்ன டென்ட்டுன்னா கிளெய்மே போடாதீங்க. நோ கிளெய்ம் போனஸ் முதல் வருஷம் 20ல ஆரம்பிச்சு 50 சதவீதம் வரைக்கும் ஏறி இருக்கும், ஒரு மூவாயிரம் ரூபா டிங்கரிங்குக்காக அத மொத்தமா விட்டுடுவீங்க.

கேள்வி: மழைல வண்டிக்குள்ள தண்ணி பூந்துடுச்சு, ஸ்டார்ட் பண்ணி பாக்கலாமா?

கூடாது. சாவிய தொடாதீங்க, பேட்டரி வயர கழட்டிட்டு கட்டி இழுத்துட்டு போங்க. 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்தப்ப எனக்கு தெரிஞ்சவரு ஒருத்தரு செல்ஃப் அடிச்சு பாத்தாரு, சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்ததுல கனெக்டிங் ராடு வளைஞ்சு போச்சு. இன்ஜின் புரொடெக்ட்னு பாலிசில தனியா சேத்து வாங்குற கவர் இல்லன்னா இதுக்கு இன்ஷூரன்ஸ் குடுக்கறதும் கஷ்டம்.

கேள்வி: டீசல் வண்டி, பிஎஸ்6. ஒரு மஞ்ச லைட் அடிக்கடி எரியுது, மெக்கானிக் அந்த ஃபில்டரையே எடுத்துடலாம்னு சொல்றாரு.

எடுக்காதீங்க, அது சட்டப்படி தப்பு, பொகை சர்டிஃபிகேட்டுலயும் வாரன்டிலயும் மாட்டுவீங்க. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ன்ற புகை கட்டுப்பாட்டு விதி வந்ததுல இருந்து டீசல் வண்டில டிபிஎஃப்னு கரிய பிடிக்கிற ஃபில்டர் இருக்கு, சைலன்ஸர் நல்லா சூடானாதான் பிடிச்ச கரிய எரிச்சு விடும். நீங்க இன்னா பண்றீங்க, காந்தி நகர்ல இருந்து ஸ்கூலுக்கு, ஸ்கூல்ல இருந்து மார்க்கெட்டுக்கு, ரெண்டு ரெண்டு கிலோமீட்டரா ஓட்டுறீங்க, அது எப்போ சூடாவும்? வாரத்துக்கு ஒருவாட்டி வாலாஜா வரைக்கும் ஹைவேல ஒரே ஸ்பீடா இருவது முப்பது நிமிஷம் ஓட்டிட்டு வாங்க, பாதி பேருக்கு லைட்டு தானா அணைஞ்சிடும். அப்பவும் எரிஞ்சா கம்பெனி. ஊருக்குள்ள மட்டும் ஓட்டறவங்க ஏன் டீசல் எடுத்தீங்கன்னு நான் கேக்க மாட்டேன், எடுத்துட்டீங்க.

கேள்வி: கம்பெனியே இந்தியாவ விட்டு போயிடுச்சு, என் வண்டிய எங்க விடறது?

ஃபோர்டு 2021 செப்டம்பர்ல உற்பத்திய நிறுத்தறோம்னாங்க, செவர்லே 2017 கடைசில விக்கிறத நிறுத்துனாங்க. சர்வீஸும் பார்ட்ஸும் இருக்கும்னு ரெண்டு பேரும் சொன்னாங்கதான், ஆனா சென்டருங்க குறைஞ்சு போச்சு, ஒரு கிளட்ச்சுக்கு சென்னை வரைக்கும் போறதுக்கு 140 கிலோமீட்டர். இந்த வண்டிங்களுக்கு வெளி மெக்கானிக்தான் வழி, அதுலயும் அந்த கம்பெனி சென்டர் மூடுனப்ப வெளிய வந்து சொந்தமா பட்டறை போட்டவரு கிடைச்சா விட்டுடாதீங்க.

கேள்வி: எலக்ட்ரிக் கார்?

கம்பெனி மட்டும்தான். ஆரஞ்சு கலர் வயர யாரும் தொடக்கூடாது, உயிர் போற வோல்டேஜ். டயர், பிரேக், சஸ்பென்ஷன் வேணா வெளிய பாக்கலாம்.

கேள்வி: வேலைய கெடுத்துட்டாங்க, காச திருப்பி தர மாட்டேன்றாங்க. எங்க போறது?

முதல்ல ஷோரூம் மேனேஜர், அப்புறம் கார் கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில், வாயால சொல்றது கணக்குல வராது. அதுக்கும் மசியலன்னா 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம், நிறைய கேஸு இதுலயே முடியுது. கடைசியா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாம நீங்களே பேசலாம், பிரச்சன நடந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். ஜாப் கார்டு, பில்லு, போட்டோ இருந்தா தான் இதெல்லாம். வெளி மெக்கானிக் மேலயும் போடலாம், சட்டத்துல வித்தியாசம் இல்ல, ஆனா பில்லு இல்லாம எதை வச்சு போடுவீங்க? அதனாலதான் அந்த நாற்பது பக்க நோட்டு.

கேள்வி: எல்லாம் சரி, நம்ம ஊருல நல்ல மெக்கானிக் நம்பர் ஒண்ணு குடுங்க.

நம்பர் போட மாட்டேன், போட்டா அப்புறம் எனக்கே டைம் குடுக்க மாட்டாரு. கண்டுபிடிக்கிற வழி சொல்றேன். சிஎம்சி பக்கம், காட்பாடி ஸ்டேஷன் பக்கம் நிக்கிற டாக்ஸி டிரைவருங்க கிட்ட கேளுங்க. வெளியூர் பேஷன்ட்டுங்கள ஏத்திக்கினு ராத்திரி பகலா சென்னை ஏர்போர்ட்டுக்கு ஓடற வண்டிங்க அது, ஒரு நாள் நின்னா அவங்களுக்கு சோறு இல்ல, அதனால இழுத்தடிக்கிற மெக்கானிக் கிட்ட அவங்க போவவே மாட்டாங்க. ஒரே ஆள் கிட்ட கேக்காதீங்க, நாலு பேரு கிட்ட உங்க வண்டி மாடல சொல்லி கேளுங்க, ரெண்டு பேராவது ஒரே பேர சொல்லுவாங்க. முதல்லயே பெரிய வேலைய குடுக்காம ஒரு ஆயில் சர்வீஸ் குடுத்து பாருங்க: உங்க மேனுவல்ல என்ன ஆயில் கிரேடு போட்டிருக்கோ அத கேக்குறாரா, இல்ல எல்லா வண்டிக்கும் ஒரே டின்ன தூக்குறாரான்னு. இப்ப வர்ற பெட்ரோல் வண்டி நிறைய 0டபிள்யூ-20 மாதிரி தண்ணியா இருக்குற ஆயில் கேக்குது. பழைய பார்ட்ட கேக்காமயே எடுத்து காமிக்கிறவரா இருந்தா அவர விடாதீங்க. போன் பண்ணிட்டு போங்க, சனிக்கிழமை வேணாம். நான் போற பாய் பட்டறைன்னா வெள்ளிக்கிழமை மதியமும் வேணாம், ஷட்டர் பாதி இறங்கி இருக்கும், பையன் மட்டும் வாசல்ல டயர் மேல உக்காந்து போன் பாத்துக்கினு இருப்பான், "ரெண்டரைக்கு வருவாரு அண்ணா"ன்னு சொல்லுவான், அவரு வர்றதுக்கு மூணே கால் ஆவும்.